எதற்கும் இருக்கட்டும் என்று போட்ட ஹைட்ரஜன்

யுரேனியம் துருப்பிடிக்கும்போது எவ்வளவு வாயு வரும் என்று கணக்குப் போடுவது என் வேலை. மேற்கு மாம்பலத்தில் இதைச் சொன்னால் எதிரில் இருப்பவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொள்வார். பெருங்குடி அலுவலகத்தில் என்னிடம் இருப்பது ஒரு கணினியும் தண்ணீர் பாட்டிலும்தான், யுரேனியம் ஏதோ ஒரு குளிர்நாட்டில் பெட்டிக்குள் கிடக்கிறது என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். எதிர்வீட்டு மாமி இன்றுவரை என்னிடம் உறைமோர் கேட்பதில்லை.

விஷயம் எளிமையானது. பழைய அணுக்கழிவில் யுரேனிய உலோகத் துண்டுகள் கிடக்கும். ஈரம் பட்டால் அவை துருப்பிடிக்கும். அப்போது தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் பிரியும். பெட்டியை இறுக மூடினால் வாயு உள்ளேயே சேரும், பிறகு ஒரு சின்னப் பொறி போதும். அதனால் மூடியில் வடிகட்டி பொருத்திய துவாரம் ஒன்று விட்டிருப்பார்கள். வருகிற வாயு முழுவதும் அந்தத் துவாரம் வழியாகப் போய்விடுமா என்பதுதான் என் அறிக்கை.

மகள் பிறந்து ஏழு வருடம் வீட்டில் இருந்துவிட்டு அப்போதுதான் வேலைக்குத் திரும்பியிருந்தேன். ஆறு மாதம் தகுதிகாண் காலம். இந்த ஓர் அறிக்கையைப் பார்த்துத்தான் நிரந்தரமாக்குவோம் என்று மேலாளர் சொல்லியிருந்தார். மறுபடி வீட்டோடு இருப்பதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அறிக்கை முடிந்தது. துவாரம் போதாது என்று வந்தது. கொஞ்சநஞ்சமல்ல, பெட்டியையே புதிதாக வடிவமைக்க வேண்டும். பெட்டிகளை வைத்திருக்கும் குளிர்நாட்டு நிறுவனத்துக்குத் திங்கட்கிழமை அனுப்பிவிடலாம் என்றார் மேலாளர்.

அதற்கு முந்தைய நாள் மயிலாப்பூரில் என் கணவரின் சித்தப்பா பெண்ணுக்குக் கல்யாணம். மகளை என் அம்மாவிடம் விட்டுவிட்டு, காலை ஆறு மணிக்கு நாங்கள் மூவரும், நானும் கணவரும் மாமியாரும், பட்டும் மல்லிகையுமாக மண்டபத்தில் போய் இறங்கினோம். உள்ளே தரையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியபடியே இருந்தன. சமையல் பக்கத்திலிருந்து வாளியோடு வந்த ஆள் எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

“இன்னாம்மா, இப்பவே வந்துட்டீங்க? மாப்ளையே இன்னும் தூங்கிக்கினு கீறாரு.”

முகூர்த்தம் ஒன்பது மணிக்கு. மூன்று நாற்காலிகளை நாங்களே இறக்கிப் போட்டுக்கொண்டு விசாரணையைத் தொடங்கினோம். பத்திரிகை மாமியாரின் கைப்பையிலேயே இருந்தது. எங்களில் வேறு யாரும் அதைத் திறந்து பார்த்ததில்லை. மகன் என்றைக்குமே நேரத்துக்குக் கிளம்பமாட்டான் என்று அவர் அவனிடம் எட்டு மணி என்றிருக்கிறார். நான் புடவை கட்ட நேரமாகும் என்று கணவர் என்னிடம் ஏழு என்றிருக்கிறார். இந்த இருவரையும் நம்ப முடியாது என்று நான் ஆறு மணிக்கே போய்ச் சேரும்படி வண்டிக்குச் சொல்லியிருந்தேன்.

“ஆத்துல ஒருத்தர் நெஜத்தைச் சொல்லியிருந்தா இன்னும் கொஞ்சம் தூங்கியிருக்கலாம்,” என்றார் மாமியார், இதில் தனக்குச் சம்பந்தமே இல்லாததுபோல.

எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறந்தேன், அப்படியே மூடிக்கொண்டேன். அறிக்கை ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

பெட்டிகள் இருக்கும் கிடங்கில் கோடையிலும் இருபது டிகிரிக்கு மேல் போகாது என்று அந்த நிறுவனம் அனுப்பிய கோப்பில் தெளிவாக எழுதியிருந்தது. இருபதெல்லாம் ஒரு கோடையா என்று நான்தான் முப்பத்தைந்து போட்டிருந்தேன். மாம்பலத்து வீட்டில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து போட்ட கணக்கு வேறு எப்படி இருக்கும்? சூடு ஏற ஏற இந்தத் துரு பல மடங்கு வேகமெடுக்கும். சரி, நான் ஒருத்திதான் கூட்டினேனா?

அங்கிருந்தே, என் கணக்கைச் சரிபார்த்த சக ஊழியனுக்குப் போன் செய்தேன். தூக்கக் கலக்கத்தில் உண்மை சுலபமாக வந்தது. நான் குறைத்துப் போட்டிருப்பேன் என்று நினைத்து அவன் இரண்டால் பெருக்கியிருந்தான். அதை யாரிடமும் சொல்லவில்லை. நானும்தான் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை மேலாளரின் அறை வாசலில் போய் நின்றேன். நிரந்தரம் செய்யவேண்டிய மனிதரிடமே போய் நீங்களும் கூட்டினீர்களா என்று கேட்பது விளையாட்டு இல்லை. கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நானும் ரெண்டு மடங்கு போட்டேன். நீங்க ரெண்டு பேரும் புதுசு.”

இருபது டிகிரியில், ஒரே ஒரு பாதுகாப்புக் கூட்டலோடு நான் திரும்பப் போட்ட கணக்கை நீட்டினேன். துவாரம் தாராளமாகப் போதுமானதாக இருந்தது. யார் எதற்காக எவ்வளவு கூட்டினோம் என்பதையும் தனியாக ஒரு பக்கத்தில் எழுதியிருந்தேன்.

“தப்பாப் போச்சுன்னா?” என்றார்.

“நம்ம பயம் எல்லாம் அந்த ஒரு பக்கத்துல இருக்கு சார். படிச்சுட்டு அவங்க முடிவு பண்ணட்டும்.”

அனுப்பினார். அட்டையில் என் பெயரை மட்டும் போட்டு அனுப்பினார். பத்து நாள் மின்னஞ்சலைத் திறந்து திறந்து பார்த்தேன். பதில் இரண்டே வரியில் வந்தது: கணக்கு சரி, பெட்டியை மாற்ற வேண்டியதில்லை; இனி எல்லா அறிக்கையிலும் அந்தத் தனிப் பக்கம் வேண்டும்.

அந்த வாரமே என் வேலை பற்றிய கடிதமும் வந்தது. தகுதிகாண் காலம் மேலும் மூன்று மாதம் நீட்டிக்கப்படுகிறது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. கடிதத்தோடு நேரே மேலாளரிடம் போனேன். அவர் ஒரு மாதம்தான் எழுதினாராம். மனிதவளப் பிரிவில் ஒரு மாதம் கூட்டியிருக்கிறார்கள், அதற்கு மேலே இருப்பவர் இன்னொன்று. சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். தான் சொல்வது தன் காதிலேயே விழுந்துவிட்டது போலிருக்கிறது.

“நீங்க போட்ட அந்த ஒரு மாசம் எதுக்கு சார்?”

“எதுக்கும் இருக்கட்டும்னுதான்.”

கடிதத்தை என் கையிலிருந்து வாங்கினார். பிறகு பேனாவை எடுத்து மூன்று மாதத்தையும் அடித்து, ‘நிரந்தரம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மற்ற இருவரிடமும் அவரே பேசிவிடுவதாகச் சொன்னார். கழிவறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டு, ஆசை தீர அழுதுவிட்டு வந்தேன்.

வீட்டில் கணவரும் மாமியாரும் வாசலிலேயே காத்திருந்தார்கள். நிரந்தரம் ஆகிவிட்டதா என்று கேட்டார்கள். அநேகமாக அடுத்த மாதம் ஆகிவிடும் என்றேன்.