கச்சரின் வெள்ளை நகங்கள்

சின்னக் குப்பி ஒன்று. நகப்பூச்சுக் குப்பி, வெள்ளை நிறம். மூடி இறுகிவிட்டது, இனித் திறக்காது. இந்த மாதிரிக் குப்பிகளுக்குள் பூச்சைக் கலக்க இரண்டு சின்ன இரும்புக் குண்டுகள் போட்டிருப்பார்கள். ஆட்டினால் கிலுகிலு என்று சத்தம் வரும். இதில் வராது. பூச்சு காய்ந்து குண்டுகளைப் பிடித்துவிட்டது. கியூபெக்கில், பியர்பொன்ட்ஸில் மகனுடைய வீட்டில், என்னுடைய மருந்துப் போத்தல்களுக்குப் பக்கத்தில் இது நிற்கிறது. மருமகள் இரண்டு தரம் எறியப் பார்த்தா. நான் விடவில்லை. ஏன் மாமா என்று கேட்டா. பேந்து சொல்லுறன் என்றேன். சொல்லவில்லை. எனக்குக் கதைக்க வராது. எட்டாம் வகுப்போடு நின்றவன், எழுதவும் பெரிதாக வராது. ஆனாலும் இதை எழுதிவைக்கவேண்டும் போல் இருக்கிறது.

இந்த நாட்டுக்கு வந்து நான் செய்த இரண்டாவது வேலை, லொங்குய்யில் ஒரு பெரிய லோண்டரியில். ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகள் லொறி லொறியாக வரும். கழுவி, அயன் போட்டு, மடித்து, திரும்ப லொறியில் ஏற்றவேண்டும். அங்கே போர்மனாக இருந்தவர் ஒரு கியூபெக் வெள்ளைக்காரர். எல்லோருக்கும் அவர் கச்சர். பேஸ்போல் விளையாட்டில், அடிப்பவனுக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிக்கிறவனைக் கச்சர் என்பார்கள். எங்களுடைய கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பர் மாதிரி. ஆனால் இந்த மனிசன் முகத்துக்குக் கம்பிக்கூடு போட்டுக்கொண்டு ஆட்டம் முழுக்கக் குந்தி எழும்பவேண்டும். எந்தப் பந்தை எறிவது என்று எறிகிறவனுக்கு விரலால் காட்டுவதும் அவர்தான்.

அவரைப் பற்றி அவர் சொல்லி நான் கேட்டது குறைவு. மற்றவர்கள் சொன்னதுதான் கூட. பத்தொன்பது வயதில் பேஸ்போல் விளையாட அமெரிக்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனார்களாம். அங்கே ஒரு சின்ன ஊர் அணியில் இரண்டு கோடை விளையாடினாராம். முழங்கால் போய்த் திரும்பி வந்தார். வந்தவர் லோண்டரியில் வேலைக்குச் சேர்ந்து, பக்கத்துப் பூங்கா அணிக்கு இருபத்திரண்டு கோடை குந்தினார். ஒரு ஆட்டம் தவறவிட்டதில்லை. குந்தின இடத்தில் இருந்தே, எழும்பாமல், இரண்டாவது பேஸுக்கு எறிந்து, ஓடுகிறவனை வெளியே அனுப்புவாராம், எங்களுடைய ரன் அவுட் மாதிரி. அந்தப் பக்கத்துத் தெப்பனரில், அதுதான் மூலைக்கடையில், பால் வாங்கப் போனால் குளிர்பெட்டிக் கதவில் அவருடைய படம்தான் ஒட்டியிருக்கும். அவருடைய வலது கை விரல்களைப் பார்த்தால் ஒன்று வடக்கே போகும், ஒன்று தெற்கே போகும். அவ்வளவு தரம் உடைந்து பொருந்தின விரல்கள்.

லோண்டரிக்குள் மெஷின் சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவன் கத்தினாலும் கேட்காது. எனக்குப் பிரெஞ்சும் தெரியாது. கச்சர் எல்லாவற்றையும் விரலால்தான் சொல்லுவார். ஒரு விரல் என்றால் விரிப்பை மெஷினுக்குள் நேரே விடு. இரண்டு விரல் என்றால் இரண்டாக மடித்து விடு. மூடின கை என்றால் பொறு, ஒன்றும் செய்யாதே. முதல் நாள் அவர் ஒரு விரல் காட்டினார். எங்கள் ஆட்கள் ஓம் என்பதற்குத் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவோமே, அப்படி ஆட்டினேன். அவர் யோசித்துவிட்டு இரண்டு விரல் காட்டினார். அதற்கும் ஆட்டினேன். பிறகு மூடின கை. அதற்கும் ஆட்டினேன். அரை நாள், நான் எல்லாவற்றுக்கும் மாட்டேன் என்கிறேன் என்று நினைத்திருக்கிறார். அவரோடு கனகாலம் வேலை செய்த மன்னார் அண்ணை வந்து விளக்கம் சொன்ன பிறகு கச்சர் சிரித்த சிரிப்பு மெஷின் சத்தத்துக்கு மேலாலும் கேட்டது. அதற்குப் பிறகு நான் மேலும் கீழுமாகத் தலையாட்டப் பழகினேன். நல்லாகவே பழகிவிட்டேன்.

பேஸ்போலில் பந்து எறிகிறவன் அறுபதடி தள்ளி நிற்பான். பின்னேரம் வெளிச்சம் குறைந்தால் விரல் தெரியாது. அதற்காகக் கச்சர்மார் நகத்துக்கு வெள்ளை பூசுவார்களாம். அவருடைய இடது கை, பந்து பிடித்துப் பிடித்து வீங்கி, அந்தச் சின்னத் தூரிகையைப் பிடிக்காது. ஒருநாள் வேலை முடிந்து உடுப்பு மாற்றுகிற அறையில் குப்பியை என்னிடம் நீட்டி, வலது கையை வாங்குப் பலகையில் விரித்து வைத்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சொன்னபடி பூசினேன். மன்னார் அண்ணை கண்டுவிட்டார்.

"என்னடாப்பா, பொம்பிளை வெளிக்கிடுத்திறியோ? எனக்கும் கொஞ்சம் கியூட்டெக்ஸ் மிச்சம் வையன்."

அவர் மாதக்கணக்காக என்னைப் பகிடி பண்ணினார். ஆனாலும் ஆட்டம் உள்ள நாட்களில் பூசினேன். மூன்று கோடை பூசினேன். பூசும்போது கச்சர் ஏதாவது கதைப்பார், மெதுவாக, எனக்கு விளங்கவேண்டும் என்று. காட்டின விரல் பிடிக்காவிட்டால் எறிகிறவன் மாட்டேன் என்று தலையை அசைக்கலாமாம். கச்சர் வேறு விரல் காட்டவேண்டும்.

"என்னைப் பார்த்து ஒருத்தரும் தலை அசைக்கிறதில்லை. பெரிய ஆள் என்று பயப்பிடுறாங்கள். அதாலதான் சில ஆட்டம் தோற்றம்," என்றார்.

இருபத்திரண்டாவது கோடை, கடைசி ஆட்டம். வெள்ளிக்கிழமை. கோப்பைக்கான ஆட்டம். அன்றைக்கும் பூசினேன். சுட்டுவிரல் நகத்தடியில் ஒரு வெடிப்பு, பச்சைப் புண். பூச்சு அதற்குள் ஓடிவிட்டது. அந்தப் பூச்சு புண்ணில் பட்டால் எரியும், யாருக்கும் தெரியும். கச்சர் பாட்டுக்குக் கதைத்துக்கொண்டிருந்தார். நான் புண்ணை அமத்தினேன். அவருக்குத் தெரியவில்லை. நடுவிரலை அமத்தினேன். அதுவும் தெரியவில்லை. நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். கதை நின்றது. விரல்களில் உணர்ச்சி இல்லை என்பதை நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று அவருக்கு விளங்கிவிட்டது. பூச்சு காயமுதலே கையை மூடிக் காட்டினார். பொறு, ஒன்றும் செய்யாதே. அணிக்குத் தெரிந்தால் அன்றைக்கு இறக்கமாட்டார்கள். முதலாளிக்குத் தெரிந்தால் மெஷின் வேலையில் இருந்து எடுத்துவிடுவார். ஆட்டம் முடியட்டும், டொக்டரிட்டைப் போறன் என்றார்.

நான் தலையாட்டினேன். மேலும் கீழுமாக. ஊரில் சோதனைச் சாவடிகளில் வாயைத் திறக்காமல் நின்று தப்பினவன் நான். கண்டதைக் காணாதமாதிரி இருக்கிறதுதான் எனக்குத் தெரிந்த நல்ல பழக்கம்.

அந்த ஆட்டத்துக்குப் போனேன். நான் பார்த்த ஒரே பேஸ்போல் அதுதான். விதிகள் விளங்கவில்லை. நான் பந்தைப் பார்க்கவில்லை, அவருடைய விரல்களைத்தான் பார்த்தேன். கையை மூடினதில் கலைந்த பூச்சைத் திரும்பப் பூசின என் வேலை தூரத்தில் இருந்தே தெரிந்தது. கடைசியில் எதிரணியில் ஒருவன் ஓடினான். கச்சர் குந்தினபடியே எறிந்தார். சனம் எழும்பிவிட்டது. வென்றுவிட்டார்கள். அவரைத் தோளில் தூக்கினார்கள். உணர்ச்சி இல்லாத கையால் எப்படி எறிந்தார் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

திங்கட்கிழமை வேலைக்கு வந்தார். நான் அவருடைய கையைப் பார்த்தேன். டொக்டரிட்டை அடுத்த கிழமை என்றார். திரும்பவும் கையை மூடிக் காட்டினார். திரும்பவும் தலையாட்டினேன். அன்றைக்கு ஒரு பெடிச்சி வேலைக்கு வரவில்லை. அவளுடைய இடத்தில் கச்சர் நின்று அயன் போடுகிற உருளைக்கு விரிப்பு விட்டார். அந்த உருளை நெருப்பு மாதிரிக் கொதிக்கும். சூடு தெரிகிறவன் கையைச் சட்டென்று இழுத்துவிடுவான். கருகுகிற மணம்தான் எனக்கு முதலில் வந்தது. திரும்பினால் அவருடைய கை உள்ளே போய்க்கொண்டிருந்தது, அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றார். சிவப்புக் கயிற்றை இழுத்து மெஷினை நிறுத்தினது நான்தான். நல்ல வேலை செய்தாய் என்று எல்லோரும் முதுகில் தட்டினார்கள். சுட்டுவிரலையும் நடுவிரலையும் ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள்.

நான் அந்த வேலையில் இருபது வருசம் நின்றேன். கச்சர் திரும்பி வரவில்லை. குப்பி என்னுடைய லொக்கரில் கிடந்தது. மன்னார் அண்ணை அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பகிடி விட்டதில்லை. அவர் இப்போது இல்லை.

கச்சர் இருக்கிறார். லொங்குய்யில் வயதானவர்களைப் பார்க்கிற ஒரு இல்லத்தில், மூன்றாம் மாடியில். யன்னலால் பார்த்தால் பழைய பூங்காத் திடல் தெரியும். இங்கிருந்து போக ஒரு பஸ், ஒரு மெட்ரோ, பிறகு மஞ்சள் தடத்து மெட்ரோ. ஒன்றரை மணித்தியாலம். ஞாயிறில் போவேன். இரண்டு பேரும் யன்னலடியில் இருப்போம். அதிகம் கதைப்பதில்லை.

இந்தக் கோடையில் ஒருநாள் கதிரையில் இருந்து அவரை எழுப்பிவிடப் பிடித்தேன். முகம் சுருங்கியது. சேர்ட்டை விலக்கிப் பார்த்தேன். இடுப்பில் இருந்து விலா வரைக்கும் கறுத்துப்போய் இருந்தது. குளிக்கிற அறையில் இரண்டு தரம் விழுந்திருக்கிறார். தானே எழும்பியிருக்கிறார். ஒருத்தருக்கும் சொல்லவில்லை. சொன்னால் கீழ்மாடிக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே எந்நேரமும் ஆள் நிற்கும், ஆனால் யன்னலுக்கு வெளியே கார்கள்தான்.

என்னைப் பார்த்தார். மிச்சம் இருந்த விரல்களை மூடிக் காட்டினார்.

நான் மாட்டேன் என்று தலையை அசைத்தேன். இடமும் வலமும், அவர்களுடைய முறைப்படி.

கச்சர் திரும்பவும் கையை மூடினார். திரும்பவும் அசைத்தேன்.

"அப்பவே நான் இதைச் செய்திருக்கவேணும்," என்றேன். என்னுடைய அரைகுறைப் பிரெஞ்சில்தான் சொன்னேன்.

அவர் திடலைப் பார்த்தார். பெடியள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். கனநேரம் பார்த்தார். பிறகு மடியில் கிடந்த வலது கையில் சின்ன விரலை மட்டும் நீட்டினார். ஒரு விரல். நேரே விடு.

நான் போய் நர்ஸிடம் சொன்னேன்.

இப்போது கீழ்மாடியில் இருக்கிறார். விழவில்லை. முதல் இரண்டு ஞாயிறும் என்னோடு கதைக்கவில்லை. கார்களைப் பார்த்துக்கொண்டு இருந்தார், நானும் பார்த்தேன். நான் செய்தது சரி என்று எனக்குத் தெரியும். அது தெரிந்தும் மனசின் களைப்புக் குறையவில்லை.

இன்றைக்கும் ஞாயிறு. வெளிக்கிட முன்னம் குப்பியை எடுத்து ஆட்டிப் பார்த்தேன். குண்டுகள் அசையவில்லை. இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.