கிரகணச் சோறு

எனக்கு நம்பிக்கை வந்த கதையைக் கேட்கிறவர்களுக்கு முதலில் ஏமாற்றம்தான் வருகிறது. நான் குடிகாரனாக இருந்ததில்லை. எனக்கு எந்த நோயும் தீரவில்லை. கனவில் வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு யாரும் வந்து நிற்கவில்லை. "அப்புறம் எப்படித்தான் பிரதர் வந்தீங்க?" என்று கேட்கிறார்கள். எரிச்சலில் வந்தேன் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். உண்மை அதுதான்.

எங்கள் வீடு கடலூர் முதுநகரில். அப்பா துறைமுகத்துப் பக்கம் ஒரு ஐஸ் கம்பெனியில் மெஷின் ஓட்டி ஓய்வு பெற்றவர். கருப்புச் சட்டைக்காரர். ஐயர் இல்லாமல், தாலி இல்லாமல் அம்மாவைக் கல்யாணம் செய்துகொண்டார். எனக்கு ஜாதகம் எழுதவில்லை, மொட்டை போடவில்லை, காது குத்தவில்லை. மற்ற வீடுகளில் சாமி எவ்வளவு முக்கியமோ, எங்கள் வீட்டில் சாமி இல்லை என்பது அவ்வளவு முக்கியம். அதற்கென்று ஒரு விசேஷ நாளும் உண்டு. கிரகணம்.

சூரிய கிரகணம் பிடித்தால் எங்கள் தெருவே கதவைச் சாத்திக்கொள்ளும். அடுப்பு பற்ற வைக்க மாட்டார்கள். ஆக்கி வைத்ததில் தர்ப்பையைக் கிள்ளிப் போடுவார்கள். பிள்ளைத்தாய்ச்சிகள் ஜன்னல் பக்கமே வரமாட்டார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் அம்மா மீன் குழம்பைக் கொதிக்க வைப்பாள். அப்பாவும் தோழர்களும் தெருவில் பெஞ்சு போட்டு, ஊர் பார்க்க உட்கார்ந்து சாப்பிடுவார்கள். நானும் அவர்கள் நடுவில் இருப்பேன். எதிர்வீட்டு அத்தை ஜன்னல் சந்து வழியாக, எங்களில் யார் முதலில் வாந்தி எடுக்கப் போகிறோம் என்று பார்த்துக்கொண்டிருப்பாள். யாரும் எடுத்ததில்லை. ஒரு கிரகணத்தில் எனக்குத் தொண்டையில் முள் குத்திவிட்டது. அத்தைக்குத் தெரிந்தால் கொள்கையே போய்விடும் என்று வெறும் சோற்றை உருட்டி உருட்டி விழுங்கினேன்.

அம்மா சிதம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் இறந்தாள். உடம்பை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று இருவரும் முன்பே முடிவு செய்திருந்தார்கள். கொடுத்தோம். சுடுகாடு இல்லை, சாம்பல் இல்லை, பதினாறாம் நாள் இல்லை. துணி போர்த்திய வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் ஒரு கதவுக்குள் நுழைந்தார்கள், கதவு சாத்திக்கொண்டது. அப்பா அதையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அவ்ளோதாண்டா, முடிஞ்சிபோச்சு. வா, பஸ்ஸப் புடிப்போம்."

அவர் சொன்னதில் எனக்குத் தவறு எதுவும் தெரியவில்லை. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு எனக்குக் கோபம் வர ஆரம்பித்தது. டாக்டர் மேலும் இல்லை, அப்பா மேலும் இல்லை. பல் விளக்கும்போது, ஒயர் சுற்றும்போது, வண்டிக்குப் பெட்ரோல் போடும்போது, ஏன் இப்படிச் செய்தாய் என்று எவன் மேலோ பொங்கிக்கொண்டு வரும். எவன் அவன்? இல்லாதவன் மேல் எதற்கு இத்தனை ஆத்திரம்? காலி வீட்டுக் கதவைத் தட்டித் தட்டித் திட்டிவிட்டு வருகிறவனைப் போல ஆகிவிட்டேன். எனக்கே என்னைப் பார்க்கச் சகிக்கவில்லை.

என் தொழில் மைக்செட். கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம், காதுகுத்து என்று எதற்குக் கூப்பிட்டாலும் போவேன். சிதம்பரத்தில் ரயிலடிப் பக்கம் ஒரு சின்னச் சபையில் பெரிய வெள்ளிக்கு மைக் கட்டக் கூப்பிட்டார்கள். மத்தியானம் மூன்று மணி நேரம் தியானம். மிக்ஸர் முன்னால் உட்கார்ந்திருக்கிறவன் காதில் பஞ்சு வைத்துக்கொள்ள முடியாது. வேறு வழியில்லாமல் கேட்டேன். சிலுவையில் தொங்குகிறவர், என்னை ஏன் கைவிட்டீர் என்று கடவுளைப் பார்த்துக் கத்துகிற இடம் வந்தது. பாஸ்டரும் கத்தினார். அந்த இடத்தில் நான் சத்தத்தைக் குறைத்திருக்க வேண்டும். கை போகவில்லை. மைக் ஊளையிட்டது, சபை முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது.

பஸ்ஸில் வரும்போது அதே யோசனை. நான் பல் விளக்கும்போது கேட்கிற அதே கேள்வியை ஒருவர் கேட்டிருக்கிறார். அவரையே கடவுள் என்றும் சொல்கிறார்கள். இது என்ன கூத்து என்று கோபமாக வந்தது. அடுத்த ஞாயிறு யாரும் கூப்பிடாமலே போனேன், சண்டை போடத்தான். அதற்கடுத்த ஞாயிறும் போனேன். பல மாதம் கழித்து ஒருநாள், நான் திட்டுவது காலி வீட்டை அல்ல, உள்ளே ஆள் இருக்கிறது என்று எனக்கு உறுதியாகத் தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சந்தோஷம் கூட வரவில்லை. இனி அப்பாவிடம் சொல்ல வேண்டுமே என்றுதான் இருந்தது. சபைக்குப் பின்னால் கட்டியிருந்த தொட்டியில் முங்கி எழுந்து ஞானஸ்நானம் வாங்கினேன்.

அப்பா கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "ஆதாரம்?" என்றார்.

"ஆதாரமெல்லாம் இல்லப்பா."

"அப்ப எத வச்சி நம்புற?"

இந்தக் கேள்வியை நானே எத்தனை பேரிடம் கேட்டு மடக்கியிருக்கிறேன்! நான் என்ன பதில் சொன்னாலும் அதை உடைப்பது எப்படி என்று அவரை விட எனக்கு நன்றாகத் தெரியும். வாயைத் திறப்பதற்கு முன்பே என்னிடமே நான் தோற்றுக்கொண்டிருந்தேன். என் மனைவி வெள்ளிக்கிழமை தவறாமல் திருப்பாதிரிப்புலியூர் கோயிலுக்குப் போகிறவள். அதை அப்பா ஒருநாளும் கேட்டதில்லை. இதைச் சொல்லிக் காட்டியதும், "அந்தப் பொண்ணு அப்படியே வளந்துது, அது அவ உரிமை. நான் ஒன்ன அப்படியா வளத்தேன்?" என்றார்.

அதோடு என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். சண்டை ஒன்றும் இல்லை. நான் தட்டை எடுத்தால் அவருக்குப் பசி இருக்காது. நான் எழுந்து போனதும் பசி வந்துவிடும். பேச்சிலும் மரியாதை கூடிவிட்டது. "உங்க சபைக்கு நேரமாவுது, கெளம்புங்க" என்பார். பெற்ற அப்பன் அப்படிச் சொல்லும்போது, இதற்கு இரண்டு அறை விட்டிருக்கலாம் என்று தோன்றும்.

சபையிலும் எனக்கு நிம்மதி இல்லை. அங்கே ஒவ்வொருவரும் எழுந்து சாட்சி சொல்ல வேண்டும். முன்னே எப்படிக் கெட்டிருந்தேன், இப்போது எப்படி ஆகிவிட்டேன் என்று சொல்வது. எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. முன்னேயும் மைக்செட் கட்டினேன், இப்போதும் கட்டுகிறேன். முன்னே வீட்டில் அப்பாவோடு சாப்பிட்டேன், இப்போது அதுவும் இல்லை. இதையா சொல்வது? பாஸ்டர் விடவில்லை. உபவாச ஜெபத்தன்று நான் சாட்சி சொல்வதாக அவரே அறிவித்துவிட்டார். அந்த நாளைக் காலண்டரில் பார்த்தேன். சூரிய கிரகணம். காலையில் பிடித்து மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு விடுகிறது. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அப்பாவுக்கும் தெரிந்திருந்தது. பெஞ்சுக்கு வர அவருக்கு வேறு யாரும் இல்லை. தோழர்களில் இரண்டு பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஒருவர் சென்னையில் மகன் வீட்டில் இருக்கிறார். இன்னொருவர் சத்தம் போடாமல் சபரிமலைக்கு மாலை போட்டுவிட்டார். என் மனைவியும் கிரகணம் விட்ட பிறகுதான் சாப்பிடுவாள். அன்று காலையில் அப்பா மீன் கழுவிக்கொண்டிருந்தார்.

"கெளம்புங்க. நான் ஒருத்தன் போதும்."

நான் கிளம்பினேன். போகிற வழியெல்லாம் என்னையும் திட்டினேன், கடவுளையும் திட்டினேன். உபவாசத்துக்கு வேறு நாளா கிடைக்கவில்லை?

சபை நிறைந்திருந்தது. பாஸ்டர் என் தோளில் கை போட்டு முன்னால் நிறுத்தினார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். யார் வீட்டில் சாவு என்றாலும் முதலில் போய் நிற்கிறவர். ஆனால் என் கதை சப்பென்று இருப்பது அவருக்குக் கஷ்டமாக இருந்திருக்க வேண்டும். அவரே கொஞ்சம் உப்பு, காரம் போட்டார்.

"இந்த பிரதர் நாத்திகக் குடும்பத்துலேர்ந்து வந்தவரு. சாத்தான் குடியிருந்த வீடு அது. இவரோட தாயார் ஆண்டவர அறியாமலே மரிச்சாங்க. இன்னைக்கு அவுங்க எங்க இருக்காங்கன்னு நமக்குத் தெரியும். ஆனா மகன ஆண்டவர் அக்கினியிலேர்ந்து இழுத்தெடுத்தாரு!"

சபை அல்லேலூயா சொன்னது. என் அம்மா நெருப்பில் கிடப்பதற்கு அல்லேலூயா. என் கையில் மைக் இருந்தது.

"எங்கம்மா யாருக்கும் கெடுதல் பண்ணது இல்ல. செத்த பிறகும் டாக்டருக்குப் படிக்கிற புள்ளைங்களுக்கு ஆவட்டும்னு உடம்பக் குடுத்துட்டுப் போனாங்க. அவுங்க எங்க இருக்காங்கன்னு ஒங்களுக்குத் தெரியும்னு சொன்னீங்களே பாஸ்டர், எத வச்சி சொல்றீங்க? ஆதாரம் என்னா?"

கேட்டு முடித்த பிறகுதான் அது அப்பாவின் கேள்வி என்று உறைத்தது. குரல் கூட அவருடையதாகத்தான் இருந்தது. பாஸ்டர், "பிரதர், பிரதர்" என்றார். மைக்கை அணைத்து ஸ்டாண்டில் மாட்டிவிட்டு வெளியே வந்தேன். எவ்வளவு கோபத்திலும் மைக்கை நான் வீசியதில்லை.

வெளியே வெயில் மங்கிப் போயிருந்தது. ஓடினால் கிரகணம் விடுவதற்குள் வீட்டுக்குப் போய்விடலாம் என்று கடலூர் பஸ்ஸில் ஏறினேன். கிரகணமென்று பஸ்ஸில் ஆளே இல்லை. இருந்தும் ஆள் பிடிக்க ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றான். புதுச்சத்திரம் தாண்டி ரயில்வே கேட் போட்டுவிட்டார்கள். கூட்ஸ் வண்டி ஒன்று ஊர்ந்து வந்தது, போயிற்று, கேட் திறக்கவில்லை, எதிர்ப்பக்கம் இன்னொரு ரயில். நான் உட்கார்ந்த இடத்தில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். முதுநகரில் இறங்கியபோது வெயில் பழையபடி சுள்ளென்று அடித்தது. தெருவில் எல்லோரும் வாசல் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லாம் முடிந்துவிட்டது.

பெஞ்சில் இரண்டு தட்டு இருந்தது. இரண்டும் கவிழ்த்தே கிடந்தன. குண்டான் மூடி திறக்கவில்லை. அப்பா கருப்புச் சட்டை போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

எதிர்வீட்டு அத்தை தலைக்குக் குளித்துவிட்டு வாசலில் நின்றாள். "வாப்பா! ஒங்கப்பா இந்த வாட்டி கிரகணம் விடுற வரைக்கும் பச்சத்தண்ணி கூட வாயில ஊத்தல. பாத்துகிட்டேதான் இருந்தேன். வயசானா எல்லாருக்கும் புத்தி வரத்தான் செய்யிது."

அவர் வாழ்நாளில் அதைவிடப் பெரிய வசையை யாரும் சொன்னதில்லை. அவர் குண்டான் மேல் உட்கார்ந்த ஈயை விரட்டினார். எனக்குத்தான் தாங்கவில்லை.

"ஏம்ப்பா சாப்புடல?"

"தனியா ஒருத்தன் தின்னா அது வெறும் பசிடா. கூட ஒருத்தன் இருந்தாத்தான் கொள்கை." தட்டுகளை நிமிர்த்தினார். "நீ சாயங்காலம்தான் வருவன்னு இருந்தேன். ஏன் அதுக்குள்ள வந்துட்ட?"

சொல்லக் கூடாது என்றுதான் வந்தேன். சொல்லிவிட்டேன். பாஸ்டர் பேசியது, நான் கேட்டது எல்லாம். அப்பா குதிப்பார், நான் அப்பவே சொன்னேனே என்பார் என்று காத்திருந்தேன். அவர் சோற்றைப் போட்டார், குழம்பை ஊற்றினார், அம்மா எப்போதும் அவருக்கென்று எடுத்து வைக்கிற நடுத்துண்டை என் தட்டில் வைத்தார். பிறகு குண்டானைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அந்தாளு கெடக்குறான். அவளப் பத்தி ஒன் சாமி இன்னா சொல்றாரு?"

முடிந்துபோச்சு, பஸ்ஸைப் பிடிப்போம் என்றவர் கேட்கிறார். சபையில் கற்றுக்கொண்ட ஆறுதல் வார்த்தைகளையெல்லாம் மனசுக்குள் புரட்டிப் பார்த்தேன். அவர் முன்னால் வைக்கிற மாதிரி ஒன்றுகூட அகப்படவில்லை. நம்பிக்கை வந்து என்ன பிரயோஜனம் என்று அழுகையே வந்துவிட்டது.

"தெரியலப்பா. நானும் தெனம் கேட்டுகிட்டுதான் இருக்கேன்."

"பதில் வந்துச்சா?"

"இன்னும் இல்ல."

உபவாசம் சாயங்காலம் வரை இருந்தது. நான் தட்டை இழுத்துக்கொண்டேன். பழக்கத்தில் கண்ணை மூடி ஜெபித்தேன். திறந்தபோது அப்பா சோற்றில் இன்னும் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"ஆச்சா?"

"ஆச்சுப்பா."

"பதில் வந்தா எனக்கும் சொல்லு," என்றார். "இப்ப தின்னுடா."