ஒரு கரும்புள்ளியும் செல்லக்கனியின் வேலையும்

மடவார் வளாகம் பகுதியில் ஜெயபாண்டியைப் பட்டாளத்துக்காரர் என்றுதான் சொல்வார்கள். வாலிபம் முழுவதையும் ராணுவத்தில் கழித்தவர். ஆனால் எல்லையில் துப்பாக்கி பிடித்து நின்றவரில்லை. அதிகாரிகள் சாப்பிடும் மெஸ்ஸில் பரிமாறுகிற வேலை. மேஜையில் கத்தி எந்தப் பக்கம், முள்கரண்டி எந்தப் பக்கம் என்பதும், வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் ஸ்பூனில் ஒரு விரல் ரேகைகூடத் தெரியக் கூடாது என்பதும்தான் அவர் அங்கே கற்றது. ஊரில் யாராவது சண்டையைப் பற்றிக் கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவார். கேட்டவர்களுக்குத்தான் சப்பென்று போய்விடும்.

ஓய்வு பெற்று வந்தபின் ராஜபாளையத்தில் ஒரு ஏ.சி. ஹோட்டலில் வேலைக்குச் சேர்ந்தார். ஸ்பூன், முள்கரண்டி, கத்தி எல்லாம் அவர் பொறுப்பு. சேர்ந்த புதிதில் ஸ்பூன் டிரேயைப் பார்த்தவருக்கு மனசே விட்டுப்போயிற்று. பழுப்பும் கறுப்புமாக எங்கே பார்த்தாலும் புள்ளி. பாத்திரம் கழுவுகிற செல்லக்கனி கம்பி நாரைப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கை நொந்திருந்தாள். செட்டியார்பட்டியிலிருந்து வருகிறவள். புருஷன் இறந்துபோக, ஒரே மகளைப் பள்ளிக்கூடத்தில் படிக்க வைத்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு பேருமாகத்தான் அதைச் சரிசெய்தார்கள். சமையல் சோடாவைக் குழைத்து, துணியில் தொட்டு, ஸ்பூனின் நீளவாக்கில் தேய்த்தார்கள். அதற்கும் அசையாத புள்ளியை வெந்நீரில் கலந்த வினிகரால் துடைத்து அலசினார்கள். கம்பி நாரும் பிளீச்சிங் தண்ணீரும் அந்தப் பக்கமே வரக் கூடாது என்றார் ஜெயபாண்டி. உப்பும் புளியும் ஒட்டிய ஸ்பூன் ஊறிக் கிடக்கக் கூடாது, ஈர இரும்புத் தோசைத் திருப்பியோடு சேர்த்துப் போடக் கூடாது, போர்வெல் தண்ணீர் தானாகக் காயும்வரை விடாமல் சுடச்சுடத் துடைத்துவிட வேண்டும். செல்லக்கனி எதையும் இரண்டாம் தடவை சொல்ல வைக்கவில்லை. அவள் கழுவித் தருவாள், அவர் துடைத்து அடுக்குவார். வருஷக்கணக்கில் அந்த டிரேயைப் பற்றி ஒரு புகார் கிடையாது.

பிறகு ஒரு கார்த்திகை மாதம், புள்ளி திரும்ப வந்தது.

முதலில் ஒரு ஸ்பூனில் பார்த்தார். சோடா போட்டார், வினிகர் போட்டார், போகவில்லை. அடுத்த ஸ்பூனிலும் அதே போல ஒன்று, நட்டநடுக் குழியில். தண்ணீர் மாறிவிட்டதோ என்று நினைத்தார். சோப்பை மாற்றிப் பார்த்தார். ஒன்றும் பலிக்காமல் போகவே, அவருடைய சந்தேகம் செல்லக்கனி மேல் திரும்பியது. வேலை சுருக்க முடிய வேண்டும் என்று பிளீச்சிங் போட்டாயா என்று கேட்டார். அவள் ஸ்பூனை வாங்கி, ஜன்னலோரம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“எனக்கு ஒண்ணும் தெரியலையேண்ணே.”

கண்ணுக்கு எதிரே இருப்பதை இல்லை என்கிறாளே என்று அவருக்கு ஆத்திரம் பொங்கியது. மறுபடி கேட்டார். அவள் மகள் பேரில் சத்தியம் செய்தாள். அது அவர் கோபத்தை இன்னும் கூட்டியது. நேராக மேனேஜர் சௌந்தரபாண்டியனிடம் போய், இந்தப் பொம்பளையை வைத்துக்கொண்டு தன்னால் பொறுப்பேற்க முடியாது என்று சொல்லிவிட்டார். சௌந்தரபாண்டியன் ஸ்பூனை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. பட்டாளத்துக்காரர் வார்த்தை அவருக்குப் போதும். மறுநாள் முதல் செல்லக்கனி வரவில்லை.

அவள் இடத்துக்கு வேறொரு பெண் வந்தாள். புள்ளி அப்படியேதான் இருந்தது. ஜெயபாண்டி சாப்பாட்டு நேரத்தில்கூட உட்காராமல் தேய்த்தார். தேய்த்த தேய்ப்பில் சில ஸ்பூன்களின் மினுமினுப்பே போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவி நாச்சியார் காபியோடு எதிரே வந்து நின்றாள். கன்னத்தில் கரி ஒட்டியிருக்கிறது, துடை என்றார். அவள் முந்தானையால் துடைத்தாள். போகவில்லை என்றார். கண்ணாடியில் பார்த்துவிட்டு வந்து, ஒன்றுமில்லையே என்றாள். அவர் பார்வையை அவள் முகத்திலிருந்து சுவருக்குத் திருப்பினார். வெள்ளையடித்த சுவரிலும் அது இருந்தது. வலது கண்ணைக் கையால் மூடினார், மறைந்தது. கையை மாற்றி இடது கண்ணை மூடினார். அங்கேயே நின்றது. கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று நாச்சியாரிடம் சொன்னார்.

மதுரைக்குக் கூட்டிப்போனாள் நாச்சியார். பட்டாளத்தை விட்டு வரும்போதே சர்க்கரை இருக்கிறது என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். உடம்பில் ஒரு தொந்தரவும் தெரியவில்லை என்று மாத்திரையை நிறுத்தியிருந்தார். கண்ணுக்குள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது, வலது கண்ணில் போன பார்வை திரும்பாது, இடது கண்ணையாவது லேசர் வைத்துக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார் டாக்டர். பஸ்ஸில் திரும்பி வருகையில் நாச்சியார் என்னென்னவோ ஆறுதல் சொன்னாள். அவர் நினைப்பெல்லாம், ஜன்னலோரம் நின்று ஸ்பூனைத் திருப்பிப் பார்த்தவள் மேல் இருந்தது.

மேனேஜரிடம் போய் நடந்ததைச் சொன்னார். சௌந்தரபாண்டியன் வருத்தப்பட்டார். ஆனால் புதிதாக வந்தவளை எந்தக் காரணம் சொல்லி அனுப்புவது என்று கேட்டார். ஜெயபாண்டியையும் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். இனி வேலைக்கு வர வேண்டாம் என்பதுதான் அதற்கு அர்த்தம் என்று அவருக்குப் புரிந்தது.

இடது கண்ணுக்கு முதல் லேசர் முடிந்ததும் செட்டியார்பட்டிக்குப் போனார். செல்லக்கனி நைட்டி தைக்கிற ஒரு கம்பெனியில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். நாலைந்து பெண்கள் ஒரு துணிக் குவியலைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அவருக்கு யார் முகமும் பிடிபடவில்லை. பேரைச் சொல்லிக் கேட்டார். அவள் எழுந்து வாசலுக்கு வந்தாள். மகள் காலேஜ் படிப்பை நிறுத்திவிட்டு உள்ளே மெஷினில் இருக்கிறாள் என்பது பேச்சில் தெரிந்தது.

அவர் எல்லாவற்றையும் சொன்னார். புள்ளி ஸ்பூனில் இல்லை, தன் கண்ணில்தான் இருந்தது என்றார். அவள் கடைசிவரைக்கும் கேட்டாள்.

“அன்னைக்கு அம்புட்டுத் தூரம் சொன்னேன்லண்ணே. இன்னொருத்தர்கிட்ட காமிச்சுக் கேட்டிருக்கலாம்ல?”

அவள் சேலையில் ஒட்டியிருந்த நூல் பிசிறைத் தட்டிவிட்டாள்.

“கண்ணப் பாத்துக்கங்க. மாத்திரைய விட்ராதீங்க” என்றாள். வேலை கிடக்கிறது என்று உள்ளே போய்விட்டாள்.

பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்த ஒருவரிடம் போர்டை வாசித்துக் காட்டச் சொல்லி ஏறினார். வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் நாச்சியார், அவள் என்ன சொன்னாள் என்று கேட்டாள்.

“சரியாத்தான் சொன்னா” என்றார் ஜெயபாண்டி. சாப்பாடு வேண்டாம் என்று சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.