இரண்டாவது கார்ட்

ஹட்டனில் ஒரு தேயிலைக் கம்பெனிக் கந்தோரில் நான் கம்ப்யூட்டர் வேலை பார்த்தபோது, சாமான் வாங்க ஒப்புதல் தரும் அதிகாரி ஒருவர் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ஒடிசலான உடம்பு, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. நான் பேசத் தொடங்கினாலே கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். நான் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் வளர்ந்தவன்; என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல்தான் என்று நினைத்துக்கொள்வேன்.

ஈமெயிலுக்காக இரண்டு சர்வர்களைச் சேர்த்து ஓட்டத் திட்டமிட்டோம். ஒன்று நின்றால் மற்றது வேலையை எடுத்துக்கொள்ளும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு நெட்வொர்க் கார்ட் கேட்டு எழுதினேன். அவர் இரண்டை அடித்து, ஒன்று என்று எழுதினார்.

“சார், ஒரு கார்ட் மெயில் போய்வரதுக்குங்க. இன்னொன்னு, ரெண்டு மெசினும் ஒன்னையொன்னு உயிரோட இருக்கியான்னு கேட்டுக்கிறதுக்கு. எல்லாம் ஒரே கார்ட்ல போயி நெரிசலானா, மத்தது செத்துப்போச்சுன்னு ரெண்டுமே நெனச்சுக்கும்.”

“லயத்தில இருந்து வந்து எனக்குப் படிப்பிக்கிறீரோ? ஒண்டு காணும், ரெண்டு தேவையில்லை. நீர் போகலாம்.”

மூன்றாம் மாதம் அப்படியே நடந்தது. மற்றது நின்றுவிட்டதென்று நினைத்து, இரண்டு சர்வர்களும் மெயில் இருந்த ஒரே டிஸ்க்கில் ஒரே நேரத்தில் கைவைத்ததில் ஒரு வார ஈமெயில்கள் அழிந்தன. கம்பெனியின் மேலாளரான பெரிய துரை எல்லோர் முன்னாலும் என்னைத் திட்டி, வேலையை விட்டுப் போகச் சொன்னார்.

அந்த அதிகாரி எழுந்தார். “இவர் ரெண்டு கேட்டவர். வெட்டினது நான்” என்று, நான் கார்ட் கேட்டு எழுதிய தாளை மேசையில் வைத்தார். என் வேலை தப்பியது.

வெளியே நன்றி சொல்லப் போனேன்.

“உமக்காகச் சொல்லேல்லை. உம்மை எனக்கு இண்டைக்கும் பிடிக்காது” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

ஓய்வு பெறும்வரை என்னிடம் ஒரு நல்ல வார்த்தை பேசவில்லை. எனக்கும் கோபம் தீரவில்லை. ஆனால் என்னோடு அன்பாகப் பழகிய எவரும் அன்று அந்த அறையில் வாய் திறக்கவில்லை.