ஓம், தப்பவில்லை

ட்ருகனினா என்ற புறநகரில் நான் வேலை செய்யும் வெயார்ஹவுசுக்குள் போனைக் கொண்டுபோகக் கூடாது. லொக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் மேசைக்குப் போக வேண்டும். எதிர்மேசையில் பெட்டி கட்டுபவர் அறுபது கடந்த இங்கிலாந்துக்காரர். எனக்கு ஆங்கிலத்தில் கதை வராது. இரண்டு வருடங்களாக ‘மோர்னிங்’ என்பதோடு எங்கள் பேச்சு முடிந்துவிடும்.

உதைபந்தாட்டத்தால்தான் அவர் என்னோடு கதைக்கத் தொடங்கினார். இங்கிலாந்தின் வடக்கே, அவர் பிறந்த ஊர்க் கழகம் பெரிய லீக்கில் விளையாடியது. பருவம் தொடங்கிய புதிதில் ஒரு திங்கட்கிழமை, முடிவு தெரியுமா என்று சும்மா கேட்டார். காலையில் போனில் தற்செயலாகப் பார்த்திருந்தேன். இரண்டுக்கு ஒன்று, வெற்றி என்றேன். அன்றிலிருந்து அவர் தானாக முடிவைப் பார்ப்பதை விட்டுவிட்டார். என் வாயால் கேட்டால்தான் ராசியாம். பிறகு எத்தனையோ தோல்விகளை அதே வாயால்தான் சொன்னேன். அவர் மாற்றவில்லை. நான் கேட்காமலே எனக்கு இன்னொரு வேலை வந்து சேர்ந்தது.

வெரிபீயிலிருந்து, என்னோடு ஒரே வாடகை வீட்டில் இருக்கும் அண்ணையின் காரில் வருவேன். அவர் அதே வெயார்ஹவுசில் போர்க்லிப்ட் ஓட்டுபவர். நான் காரில் முடிவைத் தேடும்போது சிரிப்பார்.

“உமக்கு விசா எப்ப வருமெண்டே தெரியாது. உந்த ரீம் லீக்கிலை நிக்குமோ எண்டு யோசிக்கிறீர்.”

அவர் சொன்னது சரி. ஆனால் பட்டியலின் அடியில் தொங்கிக்கொண்டிருப்பது எப்படியிருக்கும் என்று எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

லீக்கில் தோற்றுக்கொண்டிருந்த அந்த அணி, கிண்ணப் போட்டியில் மட்டும் வென்றுகொண்டே போனது. நான் வெற்றி என்று சொன்னால் இங்கிலாந்துக்காரர் பெருமூச்சு விடுவார். பொடியன்களின் கால்கள் இதிலேயே களைத்துவிடும், லீக்குக்கு என்ன மிஞ்சும் என்பார். அரையிறுதியில் ஒரு கோலால் தோற்றார்கள். நல்லது, முடிந்தது என்றார். ஆனால் அன்று முழுவதும் யாரோடும் பேசாமல் பெட்டி கட்டினார்.

லீக்கின் கடைசி ஆட்டத்தில் ஒரு சமநிலை கிடைத்தால் போதும், தப்பிவிடலாம். இல்லையென்றால் கீழ்ப் பிரிவு. திங்கட்கிழமை விடிய, குளிரில் காருக்குள் இருந்து பார்த்தேன். மூன்றுக்குச் சைபர், தோல்வி. அந்த அணியின் ஒரு ஆட்டத்தைக்கூட நான் முழுதாகப் பார்த்தவனில்லை. ஆனாலும் அண்ணையிடம் இரண்டு தரம் சொல்லிப் புலம்பினேன்.

நான் மேசைக்குப் போனபோது இங்கிலாந்துக்காரர் எனக்கு முதுகைக் காட்டியபடி பெட்டிக்கு ஒட்டுநாடா ஒட்டிக்கொண்டிருந்தார். திரும்பாமலே கேட்டார்.

“நாங்கள் தப்பவில்லை, அப்படித்தானே?”

“யெஸ்” என்றேன்.

ஒட்டுநாடாவைக் கீழே வைத்தார். மேசையைச் சுற்றி வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். கண் கலங்கியிருந்தது. இவர்கள் நாட்டில் துக்கத்தை இப்படித்தான் காட்டுவார்கள் போலும் என்று நினைத்து முதுகில் தட்டிக் கொடுத்தேன். தேநீர் இடைவேளையில் ஊரிலிருக்கும் தம்பிக்குப் போன் எடுக்கப் போகிறேன் என்றார். ஒரு ஆட்டம் விடாமல் மைதானத்துக்குப் போகும் தம்பி. ஆறுதல் சொல்லத்தான் என்று எண்ணிக்கொண்டேன்.

எட்டரை இருக்கும். அண்ணை சாமான் அடுக்கிய ஒரு பலட்டை இறக்கிவிட்டு என் பக்கம் குனிந்தார்.

“உம்மடை ஆள் ஏன் பாடிக்கொண்டு திரியுறார்? தோத்துப்போச்செண்டெல்லோ சொன்னனீர்?”

“நான் சொன்னனான் அண்ணை.”

“எப்பிடிச் சொன்னனீர்?”

“தப்பேல்லைத்தானே எண்டு கேட்டவர். ஓம் எண்டனான்.”

அண்ணை தலையில் கை வைத்தார். “அதுக்கு இவங்கள் நோ எண்டெல்லோ சொல்லுவாங்கள். யெஸ் எண்டால் தப்பீட்டுது எண்டு அர்த்தம்.”

ஒன்பது மணிக்கு இடைவேளை. அந்த அரை மணித்தியாலமும் ஆங்கில வசனங்களை அடுக்கி அடுக்கி அழித்தேன். மணி அடித்ததும் அவர் லொக்கர் பக்கம் விரைந்தார். தம்பிக்கு எடுத்து ஆரவாரம் செய்துவிட்டால் பிறகு அவர் முகத்தில் நான் எப்படி முழிப்பது? ஓடிப்போய்ச் சட்டைக் கையைப் பிடித்தேன்.

“தோல்வி. மூன்று, சைபர். என்னுடைய யெஸ் எங்கள் நாட்டு யெஸ்.”

சாவி பூட்டிலேயே நின்றது.

“நீ யெஸ் என்றாயே.”

“நீங்கள் தப்பவில்லை என்றீர்கள். அது சரி என்று சொன்னேன்.”

வாங்குப் பலகையில் உட்கார்ந்தார். பிறகு, “அப்படியென்றால் நீ வெற்றி என்று சொன்ன அந்தக் கிண்ணக் காலிறுதி?”

“அது வென்றதுதான்.”

“நிச்சயமாக?”

“நிச்சயமாக.”

சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தார், அல்லது அழுதார். லொக்கரைத் திறக்கவில்லை. என்னையும் பக்கத்தில் இருக்கச் சொன்னார். கீழ்ப் பிரிவில் ஆட்டங்கள் இன்னும் அதிகம், பருவமும் இன்னும் நீளம் என்றார். சொல்லும்போதே களைத்துப்போனார்.

“இனி நம்பரை மட்டும் சொல்லு. முதல் எங்களுடையது, பிறகு மற்றவர்களுடையது.”

நான் தலையாட்டினேன். மேலும் கீழுமா, பக்கவாட்டிலா என்று அவர் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.