மோட்டார் வாங்குவது போல வாங்கிய லேப்டாப்

மகளுக்கு ஒன்றரை வயதானபோது, வீட்டிலிருந்தே செய்யும் ஒரு வேலை எனக்குக் கிடைத்தது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணினி வழியாகக் கணக்கு சொல்லித்தர வேண்டும். எம்.எஸ்ஸி. முடித்து, திருமணமாகிப் பெருமாட்டி என்ற இந்தக் கிராமத்துக்கு வந்தபின் கிடைத்த முதல் வேலை. ஒரே நிபந்தனை, அவர்களுடைய வகுப்பு மென்பொருள் ஓடக்கூடிய லேப்டாப் என்னிடம் இருக்க வேண்டும்.

குழந்தை தூங்கும் பகல் நேரங்களில் ஃபோனில் தேடிப் படித்தேன். பாடம் எடுக்கவும், டைப் செய்யவும், வீடியோவில் பேசவும் புதிதாக வந்த ஐ-3 பிராசஸரே தாராளம். ஐ-3 ஆ ஐ-7 ஆ என்பதைவிட எந்தத் தலைமுறை என்பதுதான் முக்கியம். பழைய தலைமுறையில் புது இயங்குதளம் ஏறாது. அது இல்லாமல் வகுப்பு மென்பொருள் ஓடாது. இவ்வளவும் புரிந்த பிறகும், தப்பாகப் புரிந்துகொண்டேனோ என்று மறுபடி முதலிலிருந்து படித்தேன். என் புத்தி அப்படி.

எங்கள் வீட்டில் எந்த மெஷின் வாங்கினாலும் மாமனார்தான் நேரில் பார்த்து முடிவு செய்வார். கோயமுத்தூர்க் கடைக்கும், கணவர் கார் ஓட்ட, அவரே முன்சீட்டில் உட்கார்ந்து வந்தார். நான் பின்னால் குழந்தையோடு.

கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று புது ஐ-3. இன்னொன்று ஏதோ அலுவலகத்தில் உழைத்துக் கழித்துவிட்ட பழைய ஐ-7. விலை ஏறக்குறைய ஒன்றுதான்.

"ஏந் தம்பி, இந்த மூணு, ஏழுங்கறதெல்லாம் மோட்டாருக்குச் சொல்ற எச்.பி.யா?" என்றார் மாமனார்.

"அப்படியே வெச்சுக்குங்க ஐயா" என்று கடைக்காரர் சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே என் வேலை பாதி போய்விட்டது.

"மாமா, இது மோட்டாராட்ட இல்லீங்க. ஏழு பழசுங்க. புதுசுல மூணே போதுமுங்க" என்றேன்.

"ஏனம்மிணி, கெழக்குத் தோப்புல மூணு எச்.பி. போதும்னுதான் போட்டம். தண்ணி மேல வந்துச்சா? புடுங்கிப் போட்டுட்டு ஏழரைய எறக்குன பொறகுதான் தென்னை பொழச்சுது." பழையதைக் கையில் தூக்கிப் பார்த்தார். "கனத்தப் பாரு. அது அப்பளமாட்ட இருக்குது."

முந்தின நாள்தான் கணவருக்கு எல்லாவற்றையும் விளக்கியிருந்தேன். "ஏனுங்க, நீங்க சொல்லுங்க" என்றேன்.

"அப்பா பாத்தாச் செரியாத்தான் இருக்கும். பெருசா இருந்தாக் கெட்டா போயிரும்?" என்றார் அவர்.

குழந்தை தோளில் அழுதது. ஒருவேளை ஓடினாலும் ஓடுமோ என்று எனக்கே தோன்றிவிட்டது.

பழையதையே வாங்கி வந்தோம். ஓடவில்லை. இந்தக் கணினியில் ஏற்ற முடியாது என்று திரையில் ஒற்றை வரி வந்தது. கடைக்கு ஃபோன் செய்தால், "யூஸ் பண்ணுன மாலுக்கு ரிட்டர்ன் இல்லீங்க மேடம்" என்றார்கள். வேலை கொடுத்தவர்களிடம் ஒரு வாரம் அவகாசம் கேட்டேன், கொடுத்தார்கள். என் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்தாவது வேறொன்று வாங்கலாம் என்று கணவரிடம் சொன்னேன்.

"அப்பா வாங்குனது ஆகாதுன்னு அவருகிட்ட எந்த மூஞ்சிய வெச்சுட்டுச் சொல்றது?" என்றார்.

அவருக்கு அப்பாவின் மனசு நோகக்கூடாது. நோவதற்கு எனக்கும் ஒன்று இருந்தது என்பது அந்த வாரம் முழுக்க அவருக்குத் தோன்றவேயில்லை. வகுப்பு வேறு யாருக்கோ போயிற்று. அந்த லேப்டாப்பில் இப்போது கணவர் கிரிக்கெட் பார்க்கிறார்.

போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில், உறவுக்கார அத்தை ஒருவர் என் வேலை என்னாயிற்று என்று விசாரித்தார். நான் வாய் திறக்குமுன் மாமனார் முந்திக்கொண்டார்.

"லேப்டாப்பே வாங்கிக் குடுத்தமுங்க. புள்ளைய உட்டுப்போட்டு உக்கார அம்மிணிக்குத்தான் மனசு வரலீங்க."

அவர் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்புகிறார். "பெத்தவளுக்கு அப்படித்தான் இருக்கும்" என்று அத்தை மெச்சிக்கொண்டார். நான் தலையாட்டினேன். மகளுக்குச் சோறு பிசைந்து ஊட்டும்போது, உண்மையிலேயே எனக்குத்தான் மனசு வரவில்லையோ என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.