ஆதிகேசவன் விட்டுவைத்த கதிர்

கே.ஜி.கண்டிகை ஆதிகேசவனுக்குப் பயிர் பார்க்கத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. இரண்டு இலை விடும்போதே இது கேழ்வரகு, இது களை என்று பிரித்துவிடுவார். அந்தத் தலைக்கனம்தான் அவரைக் கவிழ்த்தது.

யுத்த காலம். திருத்தணி ஸ்டேஷனில் நின்ற பட்டாளத்து ரயிலிலிருந்து, சாமான் பெட்டிகள் உடையாமலிருக்க நடுவே திணித்து வந்த வெளியூர் வைக்கோலைத் தண்டவாளத்து ஓரம் கொட்டிவிட்டுப் போனார்கள். சும்மா எரு கிடைக்கிறதே என்று ஆதிகேசவன் வண்டி கட்டிப் போய் அள்ளிவந்து கேழ்வரகுக் கொல்லையில் போட்டார். மழை பெய்ததும் வரப்போரமாகப் புதிதாக ஒரு புல் எழும்பியது. கதிர் விட்டபோது பார்த்தால் அசல் தினை. கொஞ்சம் ஒல்லி, அவ்வளவுதான்.

களையெடுக்க வந்த எல்லம்மாள் அதைப் பிடுங்கப் போனாள்.

"தொடாத! வள்ளி காவல் காத்த தினை இது. யாரும் விதைக்காம தானா வந்துகினு இருக்குது. முருகன் குடுத்தது" என்று ஆதிகேசவன் தடுத்தார்.

"தினை மாதிரிதான் கீது..." என்று அவளும் இழுத்தாள்.

பக்கத்துக் கொல்லை அவருடைய அக்கா கன்னியம்மாளுடையது. அக்கா புருஷன் வரதராஜன் வரப்பைத் தாண்டி வந்து நின்றார். "களையா இருந்தா என் கொல்லைக்கும்தான் வரும். எடுத்துடேன்."

"பாவா, எனக்கா தெரியாது?"

அதோடு பேச்சு முடிந்தது. ஊரார் நாலு பேர் வந்து கற்பூரம்கூட ஏற்றினார்கள். சாமி விஷயத்தில் வரதராஜன் என்னத்தை மறுத்துப் பேசுவார்?

கிருத்திகைக்குத் தினைமாவைத் தேனில் பிசைந்து திருத்தணி மலைக்கு எடுத்துப் போவதாக ஆதிகேசவன் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். கதிர் முற்றியதும் அறுக்கப் போனார். அரிவாள் படுவதற்குள் மணியெல்லாம் பொலபொலவென்று மண்ணில் கொட்டியது. தினை இப்படிக் கொட்டாது, கதிரோடு வீட்டுக்கு வரும். இந்த வெறுங்கதிரோ வேட்டியில் ஒட்டிக்கொண்டு பிய்த்தாலும் வரவில்லை. மிஞ்சியதை உரலில் இடித்துப் பார்த்தார். உமிதான். தேனோடு வந்து காத்திருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்தக் கிருத்திகைக்கு மலை ஏறவில்லை.

அடுத்த வருஷம் அந்தப் புல் வரதராஜனின் கேழ்வரகை அமுக்கிவிட்டது. அரிசி கிடைக்காத காலத்தில் அந்தக் குடும்பம் நம்பியிருந்தது அந்தக் கேழ்வரகைத்தான். அக்கா நாளெல்லாம் குனிந்து பிடுங்கினாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் ஆதிகேசவனுக்குச் சோறாவது இறங்கியிருக்கும். அவரும் போய்க் கூடவே பிடுங்கினார், முகத்தை மட்டும் நிமிர்த்தவில்லை. ஊர் சும்மா இருக்குமா? அவர் இல்லாத இடத்தில் அதற்கு ஆதிகேசவன் புல் என்று பேர் வைத்துவிட்டது. ஆர்.கே.பேட்டை ரோட்டோரம்வரை புல் பரவியது. பேரும் கூடவே போனது, சுற்றி வந்து அவர் காதிலும் விழுந்தது.

யுத்தம் முடிந்தபிறகு விவசாய இலாகா அதிகாரி ஒருவர் வந்தார். வரதராஜன் கொல்லையில் ஒரு கதிரைக் கிள்ளி, "இது இந்தப் பக்கத்துப் புல் இல்லையே. இங்க இதுக்கு என்ன பேரு?" என்று கேட்டார்.

கூடியிருந்தவர்களுக்குப் பின்னால் ஆதிகேசவனும் நின்றிருந்தார். எல்லம்மாள் தரையைப் பார்த்தாள். கன்னியம்மாள்தான், "பேரெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. சும்மா புல்லுங்க" என்றாள்.

அக்கா தன்னை மறைத்துக் காப்பாற்றுகிறாள் என்று ஆதிகேசவனுக்குப் புரிந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"ஆதிகேசவன் புல்லுங்க" என்றார். "அந்த ஆதிகேசவன் நான்தாங்க."